தவிட்டு நிறம்

எழுதிக்கொள்ளுங்கள் சார்.
பேர் றோஸ்லெட்பாய். கீரிப்பாறை, ஏழாவது லயம்.
வேலை பால்வெட்டு.
அன்றைக்கு இரண்டரை மணிக்கு இறங்கினேன்.
முந்தின நாள் மழை, பட்டையில் ஈரம்.
வெட்டலாமா வேண்டாமா என்று
மரத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
சிரட்டையில் நிறைந்து வழிந்த பால்
எழுந்து நாலு காலில் நின்றால் எப்படியோ, அப்படி.
மிளாக் குட்டி. இமைமயிர்கூட வெள்ளை.
அதற்கு முன்னால் தாய்.
எல்லா மிளாவையும் போல ஒரு மிளா.

ஓடைக்கு அப்புறம் மூன்று பேர்.
பேர் சொல்ல மாட்டேன், குரலைச் சொல்கிறேன்.
ஒரு குரல்: "லேய், வெள்ளையச் சுடாத.
குடும்பம் வெளங்காது."
ஒரு குரல்: "எறச்சிக்கு ஏதுல வெள்ளையும் கறுப்பும்?"
மூன்றாவது கொஞ்சம் படித்த குரல்:
"லெட்சத்துல ஒண்ணுடே. கண்ணால கண்டதே பாக்கியம்.
அத விடு."
விட்டார்கள்.
கோயில் நடையில் செருப்பைக் கழற்றுவதுபோல
அத்தனை மரியாதையாய்க் குழலைத் தாழ்த்தினார்கள்.
பிறகு ஒரு விரற்கடை இடப்பக்கம் திருப்பி
தாயைச் சுட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஜங்ஷன் டீக்கடையில்
மூன்றாவது குரல் சொல்லிக்கொண்டிருந்தது:
"நாங்க நெனச்சிருந்தா அதக் கொன்னிருக்கலாம்."
கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.
ஒருவர் வடை வாங்கிக் கொடுத்தார்.

நீங்கள் கேட்கிறீர்கள்,
வெள்ளைக்கு அடி பட்டதா?
இல்லை சார்.
மறுபடியும் கேட்கிறீர்கள். இல்லை சார்.
பேப்பர்காரரும் அதையே கேட்டார்.
தாய் என்ன ஆயிற்று என்று
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.
உங்கள் தாளில் அதற்குக் கட்டமும் இல்லை.

என்னைப் பெண்பார்க்க வந்தார்கள்,
திற்பரப்பிலிருந்து, ஜீப் பிடித்து.
முந்திரிக்கொத்து தின்றார்கள். என் தங்கையைக் காட்டி
இந்தப் பிள்ளை ஆரு என்றார்கள்.
அது இதில் வராது. அடித்துவிடுங்கள்.

சட்டத்தில் நிறம் போட்டிருக்கிறதா சார்?
நான் எட்டாம் வகுப்பு. நீங்கள் படித்திருப்பீர்கள்.
அரிதானதைக் காப்பாற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை.
ஆனால் அது எதன் மறைவில் நின்றது?
சருகு நிறத்தில் ஓர் உடம்பு
செந்நாய்க்கும் அதற்கும் நடுவில் நின்றது.
அதனால்தான் வெள்ளை
ஐந்து மாதம் வெள்ளையாய் இருந்தது.
மறைப்பைப் பிய்த்தெறிந்துவிட்டு
சுடருக்கு இரங்கினோம் என்கிறார்கள்.

காலையில் என் வாசலில்
தேக்கிலையில் பொதிந்து ஒரு பங்கு.
நான் பார்த்தது அவர்களுக்குத் தெரியும்.
நல்லமிளகு அரைத்து வைத்தேன். பிள்ளைகள் தின்றார்கள்.
நானும் எலும்பைச் சூப்பினேன்.
இதை எழுத வேண்டாம்.
இல்லை, எழுதுங்கள்.

காளிகேசம் திருப்பத்தில் பலகை வைத்திருக்கிறீர்கள்:
அரிய வெள்ளை மிளா, தொந்தரவு செய்யாதீர்.
ஞாயிற்றுக்கிழமை ஆறு கார் வந்தது.
மிளாவைக் காணாமல்
பலகையோடு நின்று போட்டோ எடுத்தார்கள்.

முந்தாநாள் மறுபடி வந்தது.
ஒற்றையாய். பால்வாளியை மோந்தது.
மேட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும், அதுதான் பயம்.
தலைவிளக்கை அணைத்தேன்.
அணைத்தும் தெரிந்தது.
கைக்கணக்கில் வெட்டிக்கொண்டே போனேன்.
மரத்துக்கு மரம் அதுவும் நடந்தது,
ஓடைப் பக்கம் நான், எனக்கு இப்பால் அது.
நைட்டிக்கு மேல் நான் போட்டிருந்தது
அவருடைய பழைய சட்டை. தவிட்டு நிறம்.

பதினேழாம் மரத்தில் கத்தி
ஆழமாய் இறங்கியிருக்கிறது.
சூப்பர்வைசர் கேட்டால் என் கைதான் என்று சொல்லுங்கள்,
கூலியில் பிடிக்கட்டும்.
எங்கே சார் கையெழுத்து?