இறங்கும் வழி

மழை விட்ட மூன்றாம் நாள்
மலைமேல் மருத்துவமனைக்கு ஏறினேன்.
லெசோத்தோவில் இதற்கு மேலே
குதிரை போகும், என் வண்டி போகாது.

கூரையில் நான் நட்ட கம்பி
நட்டபடியே நின்றது,
ஒன்றும் தெரியாத முகத்தோடு.

ஃப்ரிட்ஜ் செத்துவிட்டது என்றார் செவிலி புலெங்.
ரேடியோவும். சூரியத்தகட்டின் பெட்டியும்.
தட்டம்மை ஊசி நூற்றிருபது
ஐஸ் வாளியில் ஒரு நாள் தாங்கின,
பிறகு தாங்கவில்லை.
சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சுவிட்சையும்
போட்டு அணைத்தார்,
பழக்கத்தில்.

செம்புப் பட்டையைத் தொட்டபடி
சுவரோடு இறங்கியது என் கை.
தகரம், கிளிப்பு, கிளிப்பு,
ஆள் உயரத்தில் வெறும் கல்.
ரம்பத்தால் நிதானமாக அறுத்த முனை.
அவசரமில்லாத வேலை.
அதற்குக் கீழே கிளிப்புகள் மட்டும்,
பிடிக்க எதுவும் இல்லாமல்.

வா என்று கூரையில் கூப்பிட்டுவிட்டுப்
போக வழி வைக்காத வீடு.
வந்தது என்ன செய்யும்?
சுவருக்கு அப்பால் ஒரு முழத்தில்
விளக்கு வயர்.
அங்கே தாவிய தடம் கரியாக இருந்தது.
கம்பியே இல்லாத பக்கத்து ஆட்டுக்கொட்டகைக்கு
ஒரு கீறல் இல்லை.

ஊர்த்தலைவர் கம்பளி போர்த்தி வந்தார்.
"இதை ஏவியது யாரென்று
உன் கருவி சொல்லுமா?"
பின்னால் பத்துப் பேர்.
பெயர்கூடத் தயாராக வைத்திருந்தார்கள்,
பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம்
தனியாக இருக்கும் ஒரு விதவையின் பெயர்.
"எத்தனை ஓம் என்று மட்டும்தான் சொல்லும்."
அறுந்த முனையைக் காட்டினேன்.
"அனுப்பியது மேகம். இது மனுஷன் கை."
யாரும் பேசவில்லை.
செம்பு கிலோ என்ன விலையென்று
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இம்முறை நாகம் பூசிய இரும்பு.
திருடினால் சுமைகூலிக்கும் கட்டாது.

மண்தான் சிக்கல்.
ஒரு சாண் புல், அப்புறம் கருங்கல்.
முளை அடித்தால் சம்மட்டி
என்னிடமே திரும்பி வந்தது.
மீட்டரில் முந்நூற்றுப் பத்து.
பத்துக்குள் வர வேண்டும்.
பாறை தண்ணீரைக் குடிக்காது, மின்னலையும் குடிக்காது.
ஈரத்தைத் தேடிப் போனோம்:
சரிவில் நாற்பது மீட்டர் கீழே
மாடுகளின் கால் புதையும் சதுப்பு.
அதுவரை பள்ளம் வெட்டி, பட்டை கிடத்தி,
அடுப்புக்கரியும் களிமண்ணும் கொட்ட வேண்டும்.

வெட்ட வந்தவர்களில் செகாகே.
முழங்கால் வரை புது ரப்பர் பூட்ஸ்,
விலைச்சீட்டு இன்னும் குதிகாலில்.
மற்றவர்கள் புகைக்க உட்கார்ந்தபோதும்
கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து
அந்த ஒரு பாறையையே குத்திக்கொண்டிருந்தான்.
நிமிரவே இல்லை.
சாயங்காலம் கூலிக் கணக்கில்
அவன் பெயருக்கு நேரே கைநாட்டு இல்லை.
மறந்திருப்பான் என்றார் புலெங்.
மறந்திருப்பான் என்றேன்.
பிறகு, பதிவேட்டைத் திறக்காமலே சொன்னார்:
அவன் மகளுக்கு இந்த மாதம்தான்
தட்டம்மை ஊசி.

மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் மாட்டினேன்.
தீப்பெட்டி அளவு, அதில் ஒரு குட்டி ஜன்னல்.
பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது.
சிவப்பு என்றால் ஃப்ரிட்ஜுக்குப் பதில்
அது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.
கழற்றிவிட்டு வேறு மாட்டுங்கள், துக்கம் வேண்டாம்.
புலெங் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

மீட்டர் எட்டு புள்ளி ஆறு.

வறண்ட மாதங்களில் நிலக்குழியில்
தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்,
வாரம் இரண்டு வாளி, சம்பளம் கிடையாது
என்று நான் முடிக்கவில்லை.
"மூன்று ஊற்றுகிறேன்."
கூட்டத்தின் பின்னாலிருந்து.
இரண்டு போதும் என்றேன்.
"மூன்று."

பராமரிப்பு நோட்டில் எழுதினேன்:
குழி, தண்ணீர், செகாகே.
பழுதின் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.
மின்னல் என்று போட்டேன்.
பேனா அங்கேயே கொஞ்சம் நின்றது.

வண்டியைத் திருப்பும்போது மேற்கு கறுத்திருந்தது.
பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம்
ஒற்றைக் குடிசையின் கூரைப்புல் வழியாக
யாரோ சமைக்கும் புகை.