மூன்றாம் மாடியில் இரண்டு கூடு

ஒரே கூட்டில் விடலாம் என்றார்
புறக்கோட்டையில் ஃபாரிஸ் நானா.
"எல்லாம் எலிச் சாதிதானே மிஸ்,
நாலு நாளில் பழகிடும்."
இன்னொரு கூடு கேட்டுப் போயிருந்தேன்.
அவரிடம் அன்றைக்குக் கூடு இல்லை.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு கினிப்பன்றிகள்,
பிட்டு, சம்பல்.
பன்றியுமில்லை, கினியிலிருந்து வந்ததுமில்லை.
டோஹாவுக்குப் போகிற அவசரத்தில் சுகந்தினி
கதவைத் தட்டி நீட்டியது மூன்றாவது,
உள்ளங்கையளவு ஹாம்ஸ்டர்.
"ரெண்டு வருச கொன்ட்ராக்ட்தான் அக்கா,
வந்து எடுத்துப் போறன்."
அதன் ஆயுளே அவ்வளவுதான் என்று
அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?
கன்னம் இரண்டும் புடைக்கக் கச்சானை அடைத்தபடி
என்னைப் பார்த்தது.
கச்சான் என்றே கூப்பிட்டேன்.

இரவு பத்து மணிக்குக் கச்சானுக்கு விடிகிறது.
சத்தம் கேட்டு லைட்டைப் போட்டேன்.
சம்பலின் காது மடலில்
பிறை போல ஒரு துண்டு இல்லை.
மருந்துக்கடையில் நிற்கிறவள்,
கை நடுங்கவில்லை.
உப்புத் தண்ணீர், பஞ்சு, பழைய துவாய்.
சுற்றிப் பிடித்தபோது
அதன் இதயம் என் கட்டைவிரலுக்குக் கீழே
தையல் மெசின் ஓட்டியது.
மூலையில் கச்சான்
ஒன்றும் நடக்காததுபோல் முகம் கழுவியது.
அதில் பிழை சொல்ல ஏலாது.
தனியே இருக்கப் பிறந்ததைக்
கொண்டுபோய்ச் சபையில் விட்டவள் நான்.

விடியும்வரை குளியலறை வாளிக்குள் அது.
மறுநாள் தெஹிவளையில் கூடு வாங்கினேன்,
சொன்ன விலைக்கு.

உடம்புக்குள் விற்றமின் சி செய்யத் தெரியாத
பிராணிகள் உலகில் கொஞ்சம்தான்.
பிட்டு ஒன்று, சம்பல் ஒன்று, நான் ஒன்று.
காலையில் ஒரு கறிமிளகாயை மூன்றாய் வெட்டித்
தின்றுவிட்டு வேலைக்குப் போகிறேன்.
கச்சானுக்கு அந்தக் கடன் இல்லை,
தானே செய்துகொள்ளும்.
பகல் முழுக்கத் தூங்கும்,
கடற்கரை ரயில் யன்னலை உலுப்பிப் போனாலும்.
மற்ற இருவருக்கும்
பொலித்தீன் பை சரசரத்தால் போதும்,
விசில்தான்.
வல்லாரைக் கட்டுக்கும் விசில்,
கரண்ட் பில்லுக்கும் விசில்.

சனிக்கிழமை விக்டர் அங்கிள் பைலோடு வந்தார்.
காண் முழுக்க எலியாம்.
நாலாம் மாடியில் கேபிளைக் கடித்ததாம்,
ஒன்று லிஃப்டில் ஏறி
எங்கள் மாடியில் இறங்கியதாம்.
செவ்வாய்க்கிழமை மருந்து வைக்க
வீட்டுக்கு முந்நூற்றைம்பது ரூபா,
ஒரு கையெழுத்து.
"நீங்கள் ஃபார்மசி ஆளல்லோ,
எது நல்லது?"

என் இடக்கையில் பாதி வெள்ளரிக்காய்.
எது நல்லதென்று எனக்குத் தெரியும்.
இரத்தத்தை உறைய விடாத வகை.
மூன்று நாள் எடுக்கும்.
தாகத்தில் தண்ணீர் தேடி வெளியே வரும்
என்பது கடைக்காரர்கள் சொல்லுகிற கதை.
பெயரைச் சொன்னேன்.
எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

பைல் தாள் புரளும் சத்தத்துக்கு
உள்ளேயிருந்து பிட்டு விசிலடித்தது.
அங்கிள் எட்டிப் பார்த்தார், சிரித்தார்.
"அட, இதுகளும் எலிதானே?"
"இல்லை" என்றேன்.
புறக்கோட்டையில் சொல்லியிருக்க வேண்டிய
அதே இல்லை.
இந்த முறை சட்டென்று வந்தது.

அன்றிரவு குசினி யன்னலுக்கு வெளியே
தண்ணீர்க் குழாயில் ஒன்று நின்றது,
மெலிந்தது, வால் நுனி அறுந்தது.
கச்சானின் சக்கரம் நின்றுபோயிற்று.
வலைக்கு இந்தப் பக்கம் ஒரு மூக்கு,
அந்தப் பக்கம் ஒரு மூக்கு,
எனக்குக் கேட்காத ஏதோ கதை.

கையால் தட்டி விரட்டினேன்.
யன்னலைச் சாத்தினேன்.
பிறகு திறந்து
யோகட் சட்டியில் தண்ணீர் வைத்தேன்.
இரக்கமா, கடைக்காரர் கதை மெய்யா என்று
பார்க்கவா,
கேட்க வேண்டாம்.

செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள்.
சக்கரம் திரும்ப ஓடத் தொடங்கியது.