ஆகு

டீசல் அவரவருடையது, சாப்பாடு எங்களுடையது.
அழைப்பு அவ்வளவுதான்.
பள்ளிப்பட்டு டயர் கடையில் ஒரு தாள் ஒட்டினேன்,
உரக்கடையில் ஒன்று.
மூன்று வண்டி வரும் என்று கணக்கு.

ஞாயிறு விடிய
ஆந்திரா நம்பரில் ஆறு, தமிழ்நாடு நம்பரில் நாலு,
நம்பரே இல்லாமல் ஒன்று,
கரும்பு வெட்டிய தரையில்
நகரி மலையின் மூக்கைப் பார்த்து நின்றன.

எல்லாம் குட்டி டிராக்டர்கள், ஒரு பவர் டில்லர்.
பெரிய வண்டி திரும்பவும் இடம் போதாத நிலம் எங்களது.
தாத்தா காலத்தில் பட்டா,
அப்பாக்கள் காலத்தில் பாகம்,
எங்கள் காலத்தில் வழக்கு.

மேலண்டைப் பங்குக்கும் கீழண்டைப் பங்குக்கும் நடுவே
ஒரு கல்.
இருபத்திரண்டு வருஷமாகத் திருத்தணி கோர்ட்டில்
எங்கள் குடும்பத்தில் அதிகம் பேசப்பட்ட ஆள் அதுதான்.

"கல்லை மட்டும் எவனும் தொடக்கூடாது."
உழவுக்குச் சம்மதிக்கச் சித்தப்பா வைத்த ஒரே நிபந்தனை.
பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
குடை விரித்து உட்கார்ந்துவிட்டார்.
வெயில் இன்னும் ஏறவில்லை.

ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்றிருந்தேன்.
முடிகிற வழியைக் காணோம்.
ஒருவர் ஓட்டிய சாலை ஒன்பது பேர் குந்தி
விரல் விட்டு ஆழம் பார்த்தார்கள்.
பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் திருவேங்கடம்
பாவு நீட்டுவதுபோல் நேராக ஓட்டினார்.
"கோணல்" என்றாள் சத்திரவாடா காந்தம்மா,
தன் வண்டி இருக்கையில் தலையணையைச் சரிசெய்தபடி.
களிப்பானை இறங்கும் வரை அந்தச் சண்டை ஓடியது.

அரக்கோணத்துப் பையன் எழிலரசன்
டெம்போவில் வண்டி ஏற்றி வந்தவன்.
தெலுங்கு ஒரு சொல் தெரியாது.
படைச்சால் வளைந்து வளைந்து
நாற்காலிக்கு எதிரே வந்துவிட்டான்.

"ஆகு! ஆகு!"
சித்தப்பா எழுந்து கத்தினார்.
நிறுத்து என்பது அவர் சொன்னது.
பையன் காதில் அது தமிழாக விழுந்தது.
ஆகட்டுமாம்.
சரிங்க என்று கையாட்டி, கியர் மாற்றி, வந்தான்.

நாற்காலி ஒருபுறம், குடை ஒருபுறம்.
கொக்கி மாட்டி முன்சக்கரம் தூக்க
கடைவாய்ப் பல் மாதிரி கல் பிடுங்கிக்கொண்டு வந்தது.

பதினொரு எஞ்சினும் ஒவ்வொன்றாக அடங்கின.

அடிப்பக்கம் சர்வே அம்புக்குறி இருக்கும் என்று
இரண்டு தரப்பு வக்கீலும் எழுதியிருந்தார்கள்.
இருந்தது ஒரு குழி.
உடைந்த ஆட்டுக்கல்லின் பாதி,
அதற்குள் எறும்பு முட்டை.

யாரும் சிரிக்கவில்லை.
சிரிக்க நேரமில்லை, வண்டி பின்னால் சரிந்துகொண்டிருந்தது.
"சக்கரத்துக்குக் கல்லு! கல்லு வைங்க!"
கைக்கெட்டிய கல் ஒன்றே ஒன்று.
அதைப் புரட்டி முட்டுக்கொடுத்தவர்
சித்தப்பா.

களி, நாட்டுக்கோழிக் குழம்பு, கடலைச் சட்னி.
பானை இரண்டு தரம் காலியானது.
பையன் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.
அவன் இலையில் ஈரல் துண்டைப் போட்டுவிட்டு
ஒன்றும் பேசாமல் போனார் சித்தப்பா.

வண்டிகள் போனபின் பார்த்தால்
வரப்பு எங்கே இருந்ததென்று
மண்ணுக்கே தெரியாது போலிருந்தது.
கல் மோட்டார் ரூம் வாசலில் கிடந்தது.
பிள்ளைகள் அதன்மேல் நின்று கால் கழுவினார்கள்.

வாய்தா பதினாலாம் தேதி.
வக்கீலிடம் யார் சொல்வது என்று முடிவாகவில்லை.

மறுநாள் காலை டேப்போடு வந்தார்.
முனையை என் கையில் கொடுத்துவிட்டு
கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார்.
அதற்குள் மேலண்டைப் பங்கு மருமகள் சாருலதா
விதைக்கடலைக் கூடையோடு இறங்கிவிட்டாள்.
ஈரம் நாளைவரை தாங்காது.

"ஆகு" என்றார் சித்தப்பா.

பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில்
தெலுங்கிலேயே சண்டை போடுகிறவள்
அன்றைக்கு அதைத் தமிழில் கேட்டுக்கொண்டு
டேப்பைத் தாண்டி
குனிந்தாள்.