மற்ற வள்ளம்

ஆண்டவரிடம் சொல்வது லேசு.
அவர் திருப்பிக் கதைப்பதில்லை,
"ஏன் வாங்கினனி?" என்று கேட்பதில்லை,
சங்கக்கடை வாசலில் வைத்து
இன்னொருத்தியிடம் சொல்வதுமில்லை.
ஆகவே மூன்று லோனையும்
அவருக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

முதலாவது, தண்ணி மோட்டருக்கு.
இரண்டாவது, முதலாவதைக் கட்ட.
மூன்றாவது எதற்கென்று எழுதிய கொப்பி
அரிசிப் பானைக்குள் கிடக்கிறது.
அக்கராயன் குளம் வான் பாய்ந்த வருசம்
உழுந்து அழுகிப்போன கணக்கும் அதில்தான்.

செவ்வாய்க்கிழமைகளில்
சிவப்பு மோட்டார்சைக்கிள் வரும்.
ஒழுங்கை முடக்கில் சத்தம் கேட்டதும்
ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்விடுவேன்.
என் ஆடுகள்போல் கொழுத்த ஆடுகள்
அந்தப் பக்கத்தில் கிடையாது.

முன்பு வேறொரு கொம்பனி
எங்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது:
ஐந்து பெண்கள், ஒரு குழு,
ஒருத்தி தவறினால் நாலு பேர் பொறுப்பு.
அதன்பிறகு கிணற்றடியில்
ஒருத்தி முகத்தை ஒருத்தி
பற்றுச்சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.
றெஜினாவின் தையல் மெசினை
நாங்கள் நாலு பேரும் போய்த் தூக்கி வந்தோம்.
நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.
பாரமாய்த்தான் இருந்தது.
குழு கலைந்த பிறகு
ஒருத்தருக்கும் தெரியாமல் தனியே கையெழுத்து வைத்தேன்.
சுதந்திரம் என்று நினைத்தேன்.

வியாழன் பின்னேரம் அன்பியம்.
மெற்றில்டா வீட்டு விறாந்தை, பன்பாய்,
கரண்ட் இல்லை, ஒரு டோர்ச்.
வாசிப்பது என் முறை.
இரவு முழுக்க ஒன்றும் படாத வலை,
விடிந்த பின் கிழியக் கிழிய மீன்,
வள்ளம் தாளத் தொடங்குகிறது.
அடுத்த வரியில் ஒரு சொல்:
கூட்டாளிகள்.
அதில் நின்றுவிட்டேன்.
எழுத்து மங்கல் என்று நினைத்து
டோர்ச்சைக் கிட்டக் கொண்டுவந்தார்கள்.

யேசு வள்ளத்துக்குள்தானே இருக்கிறார்,
பிறகெதற்குப் பேதுரு
மற்ற வள்ளத்தைக் கூப்பிட்டான்?
வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

மெற்றில்டா நாச்சிக்குடாக்காரி,
கலியாணம் முடித்து வயலுக்கு வந்தவள்.
மறையுரை ஒன்றும் சொல்லவில்லை.
"கூப்பிட்டா எங்க கேக்கிறது?
காத்துக்குக் குரல் போய்ச் சேராது.
சேட்டைக் கழட்டி வீசோணும்.
தாளுற வள்ளத்தில நிக்கிறவனுக்கு
மானம் பாக்க நேரமில்லை."

நான் கழற்றினேன்:
மூன்று லோன். தொகை. வட்டி.
குழை வெட்டப்போன செவ்வாய்கள்.

ஒருவரும் பேசவில்லை.
பல்லி சொன்னது.
புளோறன்ஸ் எழும்பி, பிள்ளைக்குக் காய்ச்சலென்று
போனவள், பிறகும் வரவில்லை.
றெஜினா என்னைப் பார்த்தாள்,
மெசினைத் தூக்கிக்கொண்டு போனவளைப் பார்ப்பதுபோல்.
நெடுநேரம் பார்த்தாள்.
"எனக்கு ரெண்டு" என்றாள்.
மெற்றில்டா குரலைத் தாழ்த்தி,
"எனக்கு நாலு. இவருக்குத் தெரியாது."

கொப்பிகள் வந்தன.
ஒன்று தலையணை உறைக்குள் இருந்து,
ஒன்று செபப்புத்தக மட்டைக்குள் இருந்து.
நான் ஓடிப்போய்ப் பானைக்குள் கைவிட்டேன்.

றெஜினா கணக்கில் கெட்டிக்காரி.
வட்டி கூடியதை முதலில் முடி என்றாள்.
நாலாவது லோனுக்கு நிரப்பிய படிவம்
என் கொப்பிக்குள் இருந்ததைக் கண்டு
எடுத்துப் பாய்க்கடியில் வைத்து
அதன்மேல் இருந்துகொண்டாள்.
கோபம் வந்தது எனக்கு.
அன்றிரவு நித்திரையும் இல்லை.
என் கடனை என்னைவிடத் தெளிவாக
இன்னொருத்தி வாசித்துவிட்டாளே.

அந்தச் செவ்வாய்
அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை.
மோட்டார்சைக்கிள் வந்தது.
முற்றத்தில் நாங்கள் மூன்று பேர்,
நாலாவது கதிரை அவனுக்கு.
பொடியன், எங்கள் பிள்ளைகளின் வயது.
நான் வீட்டில் நிற்பதைக் கண்டு
அவன்தான் திடுக்கிட்டான்.
றெஜினா கொப்பியை விரித்தாள்.
மனேச்சரோடு கதைக்கவேணும் என்றான்.
கதைக்கட்டும்.
தேத்தண்ணி குடித்தான்.

வேலிக்கரையில் ஆடுகள்
குழை கேட்டுக் கத்தின.