இருநூற்று இருபத்தைந்து டிகிரி

யோவ்னா போன் செய்தபோது காலை ஐந்து மணி.
பனி அள்ளும் வண்டியின் இரைச்சலுக்கு மேலே கத்தினான்:
"உன் கம்பம் இருநூற்று இருபத்தைந்து டிகிரி காட்டுகிறது.
மீன் கொண்டுவரட்டுமா? பொரித்துவிடலாம்."

இனாரி ஏரி கெட்டிப்பட்டு
அதன் மேல் லாரி போகிற பிப்ரவரி.

முந்தின நாள்தான் புது நிரலை அனுப்பியிருந்தேன்.
சி மொழி. செதூபலில், கடலோரத்தில்,
துவார்த்தே என்று ஒருவர் எழுதியது.
முதல் வரியிலேயே வாக்குக் கொடுத்திருந்தார்:
எங்கும் ஓடும்.

எங்கும் என்பது பெரிய சொல்.
கம்பத்தில் இருப்பது பழைய பவர்பிசி பலகை,
தீப்பெட்டி நாலைப் பரப்பிவைத்த அகலம்.
அதில் வைத்து எதையும் கம்பைல் செய்ய முடியாது;
என் மேசையில் செய்துதான் அனுப்பவேண்டும்.
அதனால் கான்ஃபிகர் கேட்ட கேள்விக்கெல்லாம்
பக்கத்தில் இல்லாத எந்திரத்துக்காக
நான் பதில் சொன்னேன்,
ஊரில் இல்லாதவருக்கு விண்ணப்பம் நிரப்புகிற மாதிரி.

இன்ட் எத்தனை பைட்? நாலு.
லாங்? அதுவும் நாலு.
பாயின்டர்? நாலுதான், விடேன்.
எண்ணைத் தலையிலிருந்து அடுக்குமா, வாலிலிருந்தா?
தலையிலிருந்து.
இதை மட்டும் இரண்டு தரம் பார்த்தேன்.
போன வருஷம் இதில் சறுக்கி
ஒரு வாரம் முழுக்க
புயலைத் தென்றல் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

சொன்னதையெல்லாம் அது நம்பியது.
மறுத்துப் பேசுகிற தூரத்தில் எந்திரம் இல்லை.

கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று.

சார் என்கிற ஒற்றை பைட்.
எழுத்துக்கு என்று வைத்தது.
துவார்த்தே சிக்கனக்காரர்,
வெப்பநிலையையும் அதிலேயே குடிவைத்துவிட்டார்.
அந்த பைட்டுக்குக் கழித்தல் குறி தெரியுமா, தெரியாதா?
சி மொழியின் சட்டம் இங்கே கைகழுவிவிடுகிறது:
அந்தந்த எந்திரத்து வழக்கப்படி.
அவர் மடிக்கணினிக்குத் தெரியும்.
என் பலகைக்குத் தெரியாது.

தெரியாது என்றால்
பூஜ்யத்துக்குக் கீழே அதற்குப் படியே கிடையாது.
ஒரு படி இறங்கினால்
இருநூற்று ஐம்பத்தைந்தாவது மாடியில் போய் நிற்கும்.
ராத்திரி முப்பத்தொரு படி இறங்கியிருக்கிறது.

பைட் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
அதே எட்டு பிட். வாசித்த விதம்தான் வேறு.

மேக்ஃபைலில் ஒரு கொடி சேர்த்தால் தீர்ந்தது.
'சாருக்குக் குறி உண்டு என்றே வைத்துக்கொள்.'
பிர்யோ அதைத்தான் செய்யச் சொன்னாள்,
காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றாள்.
முடிந்திருக்கும்.
அந்தக் கொடியை அடுத்தவர் மறக்கும்வரை.

நிரலைத் திறந்தேன். நாற்பத்தோரு இடத்தில் சார்.
எழுத்து எது, குளிர் எது என்று பிரிக்க உட்கார்ந்தேன்.
ஊர்ப்பெயர், எழுத்து.
தேதி, எழுத்து.
ஓரிடத்தில் இரண்டும் ஒரே பெயரில் இருந்தது,
அவரை வாய்விட்டுத் திட்டினேன்.
ஆறு இடம் குளிர்.
ஆறுக்கும் முன்னால் சைன்ட் என்று ஒரு சொல்.
நிமிர்ந்தபோது ஒன்பதரை, ஜன்னலில் ஏதோ வெளிச்சம் மாதிரி.

துவார்த்தேவுக்கு எழுதினேன். மத்தியானமே பதில்:
இதே போலக் குறி தெரியாத பலகை ஒன்று
அவர் வீட்டு மொட்டைமாடியிலும் இருக்கிறதாம்.
நாலு வருஷமாக.
ஒரு தப்பும் செய்ததில்லையாம்.
ஒரு நாளும் பூஜ்யத்தைத் தொட்டதில்லையாம்.
கீழே, தனி வரியில்:
மைனஸ் முப்பத்தொன்று எப்படி இருக்கும்?

மூச்சு இழுத்தால் மூக்குக்குள்
முடியெல்லாம் ஊசியாகும் என்று எழுதி
அழித்தேன்.
பிறகு அதையே எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் யோவ்னா மறுபடி கூப்பிட்டான்.
வண்டியை நிறுத்தியிருந்தான்; குரல் மெதுவாகக் கேட்டது.
"இப்போது மைனஸ் முப்பத்துநாலு."
கொஞ்சம் பொறுத்து,
"பழையதே தேவலை."