மூலக்கோப்பு

புந்தா அரேனாஸில் வசந்தம் என்றால் காற்று.
நகராட்சி கயிறு கட்டும்,
கம்பத்திலிருந்து கம்பத்துக்கு,
பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்க.
பிடிக்காதவர்களின் தொப்பிகள்
நீரிணையின் அக்கரையில் கிடைக்கக்கூடும்.

மாணவர் போட்டிக்கு வந்த புகைப்படங்களில்
பாதிக்கு மேல் கயிறுதான்.
நான் நடுவர் இல்லை. அழகைப் பற்றி
என்னிடம் யாரும் கேட்பதில்லை.
அனுப்பிய படத்தையும் மூலக்கோப்பையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ஆறு வித்தியாசம் தேடுகிறவள்.
வெளிச்சம் கூட்டலாம், ஓரம் வெட்டலாம்.
இருந்ததை எடுக்கக் கூடாது,
இல்லாததை வைக்கக் கூடாது.
விதி நான்கு.

யெர்கோவின் படம் முதல் சுற்றிலேயே
எல்லாரையும் நிறுத்தியது.
கயிற்றில் தொற்றிக்கொண்டு ஒரு தபால்காரர்.
கால் இரண்டும் தரையில் இல்லை.
பின்னால் கழுவிவிட்ட மாதிரி வானம்.
முக்காலியின் கொக்கியில்
இரண்டு கிலோ உருளைக்கிழங்கைத் தொங்கவிட்டு
நாற்பது நிமிடம் நின்றானாம்.

கழுவித்தான் விட்டிருந்தான்.
மூலக்கோப்பில், வலது மேல்மூலையில்,
ஒரு பிளாஸ்டிக் பை.
வெளிர்நீலம். ஒரு காது கிழிந்தது.
வயிறு புடைத்துத் தலைகீழாக
எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது.
அது இருந்த இடத்தில்
பக்கத்து மேகத்தை வெட்டி ஒட்டியிருந்தான்.
நல்ல ஒட்டு. தையல் தெரியவில்லை.
படிவத்தில் ஒரு கட்டம், அதில் ஒரு பெருக்கல் குறி.
என் வேலை முடிந்தது.

குப்பையைத்தானே எடுத்தேன், என்றான்.
ஆமாம், என்றேன்.

அடுத்த அறையில் விளையாட்டு வடிவமைப்பு.
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மிச்சம் மூன்று.
நூடுல்ஸ் கோப்பைகள், ஒயர்கள்,
மேசைக்கடியில் உறங்கும் யாரோ ஒருவரின் சாக்ஸ்.
மில்லாராயின் விளையாட்டில்
எதிரி இல்லை, துப்பாக்கி இல்லை, மதிப்பெண் இல்லை.
ஒரே பொத்தான்: பிடி.
அழுத்தினால் நிற்பாய், விட்டால் நடப்பாய்.
நடக்கும்போது காற்று அடித்தால்
முதல் கம்பத்துக்குத் திரும்பு.
ஜெயிப்பது எப்படி, என்று கேட்ட நடுவரிடம்
வீடு வந்தால் வீடு, என்றாள்.

ஆனால் காற்று எப்போது வரும் என்று
ஆடுகிறவருக்குத் தெரியவில்லை.
இலைகள் வரைந்து பார்த்தாள்,
கடலோரத் தெருவில் மரமே கிடையாது.
கோடுகள் வரைந்தாள். மழை என்று நினைத்தார்கள்.
அழித்தாள்.

வேலையற்றுப்போன யெர்கோ
அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று
உருளைக்கிழங்குப் பையைக் கைமாற்றிக்கொண்டிருந்தான்.
கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றும் சொல்லாமல்,
பேனா டிரைவை நீட்டினான்.

முடிய பதினோரு நிமிடம் இருக்கையில்
அவள் வானத்துக்குள் நுழைந்தது
காது கிழிந்த வெளிர்நீலம்.
அது சும்மா மிதந்தால் நட.
வயிறு புடைத்தால் பிடி.

மூன்றாம் பரிசு. ஒரே ஒரு ஹெட்போன்.
இடது காது அவளுக்கு, வலது காது அவனுக்கு என்று
சத்தமாகப் பேரம் பேசிக்கொண்டே போனார்கள்.
கடைசித் திரையில், பொடி எழுத்தில்:
பை — யெர்கோ மிமிட்சா.
தபால்காரர் யார் சுவரிலும் தொங்கவில்லை.

விளக்கை அணைக்கும் முன்
நானும் ஒருமுறை ஆடினேன்.
ஏழாவது கம்பம் வரை போய்விட்டேன்.
பை புடைத்தது.
பிடிக்க வேண்டும் என்று தெரியும்.
பிடிக்கவில்லை,
அது எங்கே போகிறது என்று பார்த்தேன்.

திரைக்கு வெளியே போகிறது. அவ்வளவுதான்.
மறுபடி முதல் கம்பம்.