கைல், 31

கனடாவிலிருந்து வந்த பெட்டிக்குள்
கால்காப்பு இரண்டு.
ஒவ்வொன்றும் கதவுப் பலகை அகலம்.
"ஹொக்கி எண்டுதானே கேட்டனீ?" என்றார் அத்தான்.
பனிக்கட்டியில் வழுக்கி ஆடுகிறவர்களின் சாமான் அது.
உட்பக்கம் கறுப்பு மையில் யாரோ எழுதியிருந்தார்கள்:
கைல், 31.

எங்களுக்கு ஐஸ் என்றால்
அளம்பில் மீன்காரரின் பெட்டியில் மிஞ்சுவது.
முழங்கால் வீங்கினால்
சொப்பிங் பையில் கட்டித் தருவார்,
சாளை மணத்தோடு.

மைதானம் என்றால் குளம்.
சிறுபோகத் தண்ணீர் வயலுக்குப் போய் முடிய
ஆவணியில் நெடுவீரைக்குளத்தின் அடி தெரியும்.
சேறு காய்ந்து வெடிக்கும், வெடிப்புக்குள் பந்து போகும்.
உழவு மெசினில் தண்டவாளத் துண்டொன்றைக் கட்டி
இரண்டு நாள் இழுத்துச் சமப்படுத்தினோம்.
கமக்காரர் அமைப்புக்கு ஒரே நிபந்தனை:
மழை வந்தால் சொல்லாமலே எழும்ப வேண்டும்.

ஐந்து அணி. மூன்று மட்டை கடையில் வாங்கியது,
மிச்சம் பாலைக் கொம்பில் சீவினது.
தொழிற்சாலை பஸ் எங்களை இறக்கிவிட ஐந்தே முக்கால்.
இருட்டுவதற்குள் அரை மணித்தியாலம்.
நாள் முழுக்க நான் பொத்தான் துளை பார்க்கிறவள்,
பிழையானதை எடுத்துப் புறம்பே எறிகிறவள்.
கோல் காப்பதும் அதுபோலத்தான் என்று நினைத்து வந்தேன்.
பந்து வரிசையில் வராது.

அருட்சோதி கண்ணிவெடி அகற்றும் பிரிவில் வேலை,
எங்களுக்கு வலப்பக்கப் பின்வரிசை.
மட்டையில் பந்து பட்டால் நிலத்தையே பார்ப்பாள்.
"தலையைத் தூக்கடி!" குயிலினி கத்துவாள்.
"எட்டு வருசம் தூக்காமல் இருக்கத்தான்
எனக்குச் சம்பளம்" என்பாள்.
எல்லாருக்கும் முதல் வந்து
அலைகரை தொட்டுக் கட்டு வரை நடந்து
சிப்பி, முள், போத்தல் ஓடு பொறுக்குகிறவளும் அவள்தான்.
அவள் நடந்த இடத்தில்
நாங்கள் யோசிக்காமல் விழுந்தோம்.

கால்காப்பைக் கட்டிய முதல் நாள்
நடக்க ஏலவில்லை, தாரா போல அரக்கினேன்.
அன்றிலிருந்து என் பேர் போய்விட்டது.
கைல் அக்கா. எதிரணிக்கும் கைல் அக்கா.
கைல் எந்த ஊரோ, உயிரோடு இருக்கிறாரோ,
அவருடைய பழைய வியர்வைக்கு மேல் என்னுடையது.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு, பனிச்சையடியோடு இறுதி ஆட்டம்.
அவர்களுடைய முன்வரிசை தேனுகா.
செவ்வாய்க்கிழமைகளில் லீசிங் கொம்பனி,
சிவப்பு ஸ்கூட்டி, ரசீதுப் புத்தகம்.
தண்ணீர்ப் பம்புக்கு நான் இன்னும்
பதினாலு தவணை கட்ட வேண்டும் அவளுக்கு.
நடுவர் எங்கள் விதானையார், விசில் பள்ளிக்கூடத்தது.

ஒன்றுக்கு ஒன்று.
கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் இருண்டு வந்தது.
அருட்சோதியைத் தாண்டி
தேனுகா தனியே வந்தாள்.
தவணை கேட்க வரும்போது தலை குனிந்து வருகிறவள்
இப்போது நேரே என் கண்ணைப் பார்த்து வந்தாள்.
இடது காலை நீட்டி விழுந்தேன்.
கைலில் பட்டு, சுழன்று,
பின்னால் உருண்டது பந்து.
சாம்பலால் போட்ட கோடு.
அதன் மேல் முதல் துளி, பிறகு சடசடவென்று.
விதானையார் ஓடிவந்து குனிந்தபோது
பந்து இருந்தது, கோடு இல்லை.
விசில் ஊதினார்.
எதற்கென்று அவருக்கே தெரியாது.

பதினொரு நாள் விடவில்லை.
கழற்ற மறந்த பாலைமரக் கம்பங்கள்
பாதிக்கு மேல் தாண்டுவிட்டன.
குறுக்குக் கம்பில் ஒரு நீர்க்காகம்
செட்டை விரித்துக் காய்கிறது.

செவ்வாய்க்கிழமை படலையில் தேனுகா,
மழைக்கோட்டு நுனியால் சொட்டச் சொட்ட.
வேலிக் கம்பியில் தொங்கிய கால்காப்பைப் பார்த்தாள்.
"அது கோல்தான், கைல் அக்கா."
"காசை எண்ணு" என்றேன்.
எண்ணினாள். எச்சில் தொட்டு
இன்னொருக்கால் எண்ணினாள்.
"நூறு ரூபா குறையுது."

"அது கோட்டில நிக்குது" என்றேன்.